நெல்லிக்கனியும் கடைசிப் பக்கத்துக் கட்டமும்

தர்மபுரிக்காரர்களுக்கு அதியமான் கதையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் ஆண்கள் அரசுப் பள்ளிக்கு அதியமான் பெயர், பெண்கள் அரசுப் பள்ளிக்கு அவ்வையார் பெயர். சேலம் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அதியமான்கோட்டை வந்துவிடும். அதனாலேயே தங்கை மகளுக்குப் புத்தகம் வாங்கும்போதெல்லாம் என் கை முதலில் நெல்லிக்கனிக் கதைக்குத்தான் போகிறது. அவளுக்கு ஆறு வயது. வெவ்வேறு சமயத்தில் வாங்கியதில் இப்போது வீட்டில் நான்கு நெல்லிக்கனிப் புத்தகங்கள் இருக்கின்றன. யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை. நான்கிலும் ஒரே கோளாறு இருக்கும்போது ஒருத்தரை மட்டும் இழுப்பது நியாயம் இல்லை.

நான்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ராஜா காட்டுக்குப் போகிறார். அதிசய நெல்லிக்கனி கிடைக்கிறது. சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம் என்று யாரோ சொல்கிறார்கள். ராஜா அரை பக்கத்துக்கு யோசிக்கிறார். அரண்மனைக்கு வந்து, "தாயே, தாங்கள் வாழ்ந்தால் தமிழ் வாழும்" என்கிற ரீதியில் ஒரு பேச்சு. அவ்வை நெகிழ்ந்துபோய்ச் சாப்பிடுகிறார். கடைசிப் பக்கத்தில் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் 'கருத்து'.

பாப்பா அந்தக் கட்டம் வரை வந்ததே இல்லை. ராஜா பேச ஆரம்பித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு வருவாள். கவனம் இல்லாத பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். அதே பிள்ளை இன்னொரு புத்தகத்தில் எறும்பு போகிற வழியைப் பத்து நிமிஷம் விரலால் தொடர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கோளாறு பிள்ளையிடம் இல்லையோ என்று தோன்றியது.

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். புறநானூறு 91ஆம் பாட்டு, அவ்வையார் பாடியது. சின்னப் பாட்டு. அதில் வேட்டை கிடையாது, முனிவர் கிடையாது, 'தமிழ் வாழும்' வசனமும் கிடையாது. பெரிய மலைப் பிளவில் ஏறுவதற்கு அரிய உச்சியில் இருந்த பழம் என்கிறார் அவ்வை. அதன் பலனை அதியமான் மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு தனக்குக் கொடுத்துவிட்டான் என்கிறார். அதாவது கொடுக்கும்போது அவன் சொல்லவே இல்லை. அவர் ஏதோ நெல்லிக்காய் என்று நினைத்துத் தின்றிருக்கிறார்.

கதையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. நம் புத்தகங்கள் நான்கும் இதைத்தான் தொலைத்திருக்கின்றன. அவன் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவ்வை வாங்கியிருப்பாரா? 'நீயே சாப்பிடு' என்றுதானே சொல்லியிருப்பார்? அதனால்தான் அவன் வாயைத் திறக்கவில்லை. படிக்கிற குழந்தைக்கு விஷயம் தெரியும், கதைக்குள் இருக்கும் அவ்வைக்குத் தெரியாது. இப்படி ஓர் இடம் கிடைத்தால் ஆறு வயசுப் பிள்ளை நாற்காலி விளிம்புக்கு வந்துவிடும். இங்கிலாந்தில் பாட் ஹட்சின்ஸ் 1968இல் 'ரோசிஸ் வாக்' என்று ஒரு படப் புத்தகம் போட்டார். கோழி ஒன்று பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறது. மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். பின்னால் ஒரு நரி வருகிறது. நரி என்ற சொல் வாக்கியத்தில் எங்கேயும் இல்லை, படத்தில் மட்டும்தான். கோழிக்குக் கடைசிவரை தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் குழந்தைகள் அந்தக் கோழியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நம் நெல்லிக்கனியில் அந்த வித்தை முன்பே இருக்கிறது. நாம்தான் ராஜாவைப் பேசவைத்துக் கெடுத்துவிட்டோம்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கில் மூன்றில் நெல்லி ஆரஞ்சுப் பழம் மாதிரி காம்பில் தொங்குகிறது, இலைகள் கொய்யா இலை அளவுக்கு. அரூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு நெல்லி மரம் தெரியாதா என்ன? பொடிப் பொடி இலை, கொம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் காய். நெல்லியின் இலை சின்னது என்று அவ்வையே பாட்டில் சொல்லியிருக்கிறார். வரைந்தவர் பாட்டையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. "இது நெல்லிக்கா இல்ல மாமா" என்று பாப்பா ஒரே வார்த்தையில் விமர்சனத்தை முடித்துவிட்டாள்.

அவ்வையும் நான்கு புத்தகத்திலும் கூன் விழுந்த பாட்டிதான், கையில் கோல், நெற்றியில் பட்டை. 1953இல் வந்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாளைப் பார்த்த பிறகு இந்த உருவம் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. (அப்போது அவருக்கே நாற்பதுகள்தான், என் வயசு.) ஆத்திசூடி பாடிய அவ்வை பல நூற்றாண்டு பிந்தியவர். சங்க அவ்வையைப் புறம் 89இல் பகை அரசன் மை தீட்டிய கண்ணும் ஒளி வீசும் நெற்றியும் கொண்ட விறலி என்றுதான் கூப்பிடுகிறான். இதெல்லாம் ஆராய்ச்சிக்காரன் பிடிவாதம் என்று தோன்றலாம். ஆனால் பாப்பா கேட்டது இது: "பாட்டிக்கு ஏற்கெனவே வயசாயிடுச்சே, இனிமே ரொம்ப நாளைக்குப் பாட்டியாவே இருப்பாங்களா?" கதையின் கணக்கு இடிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

91ஐத் தேடிப் போனவன் அக்கம்பக்கத்துப் பாட்டுகளையும் படித்தேன். எல்லாம் அதே அவ்வை, அதே அதியமான். 92இல் குழந்தைகளின் மழலை வருகிறது. யாழ் மாதிரி இசையும் இல்லை, பொருளும் புரியாது, ஆனாலும் அப்பாக்களுக்கு அருள் சுரக்கும், என் பேச்சும் உனக்கு அப்படித்தான் என்கிறார். 94இல் ஊர்ச் சின்னப் பிள்ளைகள் ஆற்றுத்துறையில் ஒரு பெரிய யானையின் வெள்ளைத் தந்தத்தைக் கழுவுகிறார்கள், யானை பேசாமல் இருக்கிறது. எங்களுக்கு நீ அந்த யானை, பகைவருக்கோ மதம் பிடித்த யானை. 104இல் பிள்ளைகள் ஆடிக் கலக்குகிற கால் அளவுத் தண்ணீர், அதற்குள் யானையையே இழுத்து வீழ்த்தும் முதலை. 87இல் ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாசம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்கிறான். (எங்கள் ஆபீசில் இந்தப் பாட்டை மாட்டிவைக்கலாம்.)

யானை, முதலை, தச்சன், சக்கரம், தண்ணீரில் ஆடும் பிள்ளைகள். இதற்கு மேல் ஒரு படப் புத்தகக்காரருக்கு என்ன வேண்டும்? உ.வே.சா. 1894இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். நூற்றி முப்பது வருஷமாக இந்த யானை துறையில் படுத்திருக்கிறது. நான் பார்த்தவரை குழந்தைகளிடம் வந்துசேர்ந்தது நெல்லி மட்டும்தான், அதுவும் கருத்துக்காக. நாம் குழந்தைப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் முறையே இப்படித்தான் இருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. 'இதிலிருந்து என்ன கத்துக்கும்?' என்று பெற்றோர் கேட்கிறோம், பதிப்பகங்கள் கட்டம் போட்டுக் கொடுக்கின்றன.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. தூலிகா, பிரதம் புக்ஸ் போன்றவர்கள் தமிழிலும் கருத்துக் கட்டம் இல்லாத படப் புத்தகங்கள் போடுகிறார்கள். பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் படிகள் பிள்ளை தானாகப் படிப்பதற்கு. நாம் படித்துக் காட்டும்போது 'நட' பிள்ளையால் 'பற' கதையைத் தாராளமாகக் கேட்க முடியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'இது இவ வயசுக்கு இல்ல' என்று நானே ஒரு நல்ல புத்தகத்தைக் கடையில் திருப்பி வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் கடையில் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறேன். கட்டம் இருந்தால் கீழே வைத்துவிடுகிறேன். பிறகு நடுவில் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும். 'தாங்கள் அருள்கூர்ந்து' என்று வந்தால் என் நாக்கே மறுத்துவிடும். எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பதும் உண்டு. எழுத்து சொல்லாத ஒன்றைப் படம் சொன்னால் வாங்கிவிடுவேன்.

போன பொங்கலுக்குப் புத்தகம் இல்லாமல் வாயாலேயே நெல்லிக்கனியைச் சொன்னேன். மலை உச்சி, பிளவு, பொடி இலை, ராஜா எதுவும் சொல்லாமல் நீட்டுகிறான். அவ்வை கடிக்கப்போகிற இடத்தில் நிறுத்தினேன். "சொல்லுங்க மாமா, அவங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கட்டத்துக்குப் பக்கத்தில்கூட வராத பிள்ளை.

அப்புறம் கேட்டாள், "நிஜமா இப்டி ஒரு ராஜா இருந்தாரா?"

இருந்தார் என்றேன். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு பாறையில் அவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள், தமிழ் பிராமி எழுத்தில், 1981இல் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் அவர் ஒன்றைக் கொடுத்ததாகத்தான் இருக்கிறது, தங்கும் இடம். போனில் படத்தைக் காட்டினேன். எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப அந்த ராஜா செத்துட்டாரா?"

நான்கு புத்தகமும் தொடாத கேள்வி. அதியமான் சேரனோடு நடந்த தகடூர்ப் போரில் அழிந்தவன். அவன் போன பிறகு, கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று அவ்வை அழுத பாட்டு புறம் 235. முதல் தடவை இதே கேள்வி வந்தபோது, "அவரும் ரொம்ப நாள் நல்லா இருந்தாரு" என்று சமாளித்திருக்கிறேன். பொய்தான். இந்தத் தடவை சொன்னேன், சண்டையில் செத்துப்போனார், அவ்வை அதைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது என்று.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பழத்த அவரே தின்னுருக்கலாம்ல" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "மறுபடி மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.