ரோபோவுக்கு எவ்வளவு புகழ் உரியது?

மொன்றியலில் கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சை பற்றிப் பேச்செடுத்தால் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் தவிர்க்க முடியாது. கோட்-டெ-நேஜில், நம்மவர் குடும்பங்கள் பல வாழும் பகுதியில் இருக்கிறது யூதர் பொது வைத்தியசாலை. அங்கே 2007 டிசெம்பரில் பெண்களுக்கான புற்றுநோய்ப் பிரிவு ரோபோ சத்திரசிகிச்சையைத் தொடங்கியது. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு ரோபோவால் சிகிச்சை பெற்ற 143 பெண்களை, அதற்கு முன் அதே இடத்தில் சிகிச்சை பெற்ற 160 பேரோடு சூசி லாவ், வால்டர் கொட்லீப் குழுவினர் ஒப்பிட்டார்கள்.

முடிவுகள் அசரவைப்பவை. சிக்கல்கள் 42 வீதத்திலிருந்து 13 வீதமாகக் குறைந்தன. இரத்த இழப்பின் இடைநிலை அளவு 200 மில்லிலீட்டரிலிருந்து 50க்கு இறங்கியது. ஐந்து நாள் தங்கல் ஒரு நாளானது. சத்திரசிகிச்சை நேரம் மட்டும் 206 நிமிடத்திலிருந்து 233 ஆகக் கூடியது. ரோபோவை வாங்கிப் பராமரிக்கும் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒருவருக்கு 8,370 டொலர்தான், முன்பு 10,368.

இந்த எண்களை நான் நம்புகிறேன். இவற்றைக் காட்டி ரோபோவைக் கொண்டாடுவதுதான் இடிக்கிறது. பழைய குழுவில் 17 வீதமானோருக்கே சிறுதுளை முறையில் சிகிச்சை நடந்தது. மற்றவர்களுக்கு வயிற்றைத் திறந்தார்கள். ரோபோ வந்தபின் சிறுதுளை முறை 98 வீதத்தை எட்டியது. ஆகவே இங்கே பெரும்பாலும் ஒப்பிடப்படுவது பெரிய வெட்டும் சிறு துளையும்.

அந்தப் பெரிய வெட்டு லேசானதல்ல. இந்தப் புற்றுநோய் அதிகம் வருவது உடல் பருமனும் நீரிழிவும் உள்ள பெண்களுக்கு. அவர்களின் அடிவயிற்றுத் தையலுக்குள் நீர் கோர்க்கும், சீழ் பிடிக்கும். இருமவே பயப்படுவார்கள். வலிக்குப் பயந்து எழுந்து நடக்காவிட்டால் காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். துளை முறையிலோ கர்ப்பப்பை யோனி வழியாக வெளியே எடுக்கப்படுகிறது. வயிற்றில் சில சிறு காயங்கள் மட்டுமே. ஆனால் யோனியின் மேல்முனைத் தையல் பிரிந்துபோவது துளை முறைகளில்தான் கூடுதலாக நடக்கிறது. அது வீட்டுக்குப் போய் வாரங்கள் கழிந்தும் நேரலாம். தங்கிய நாட்களை எண்ணினால் அது பிடிபடாது.

ரோபோ இல்லாமலே இந்த நன்மையில் பெரும்பங்கு கிடைக்கும் என்பதற்கு 2009இல் வந்த அமெரிக்க ஆய்வு சான்று. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 2,616 பெண்களில், திறந்த முறையில் 21 வீதமாக இருந்த நடுத்தர, கடுமையான சிக்கல்கள் ரோபோ இல்லாத சிறுதுளை முறையான சாதாரண லப்பரஸ்கோப்பியில் 14 வீதமாகின. பின்னர் வெளிவந்த அதன் முடிவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு இரு பக்கமும் 89.8 வீதம். எனவே, மொன்றியலில் நோய் திரும்பியவர்கள் 19 பேரிலிருந்து 11 பேராகக் குறைந்ததை ரோபோவின் கணக்கில் எழுத முடியாது. இரண்டு காலகட்டங்களை அருகருகே வைத்தால் இடையில் மாறிய எல்லாமே அதில் கலந்துவிடும்.

ரோபோவுக்கு உரியதையும் கொடுக்க வேண்டும். அந்த அமெரிக்க ஆய்வில் லப்பரஸ்கோப்பியாகத் தொடங்கியவற்றில் நான்கில் ஒன்று, 25.8 வீதம், திறந்த முறையில் முடிந்தது. பின்லாந்தின் தம்பெரெ நகரில் ஏறத்தாழ நூறு பெண்களிடம் ரோபோவையும் லப்பரஸ்கோப்பியையும் நேரடியாக ஒப்பிட்டார்கள். லப்பரஸ்கோப்பியில் ஐவருக்கு வயிற்றைத் திறக்க நேர்ந்தது, ரோபோவில் ஒருவருக்கும் இல்லை. மொன்றியலில் ரோபோ குழுப் பெண்கள் முந்தைய குழுவைவிடப் பருமனானவர்கள் என்பதும் முக்கியம். கடினமான உடல்களில் கிடைத்த நல்ல முடிவு அது. ஒரு முழுப் பிரிவையே பெரிய வெட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த கருவி என்ற அளவில், உட்சுவர்ப் புற்றுநோய்க்கு அதை மனமார ஏற்கிறேன்.

அந்த ஏற்பு அடுத்த உறுப்புக்குத் தாவக்கூடாது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில் 631 பெண்களிடம் நடந்த பன்னாட்டுச் சோதனையின் முடிவு 2018இல் வந்தது. நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 வீதம், துளை முறையில் 86. மூன்றாண்டு உயிர்வாழ்வும் 99க்கு 93.8 என்று குறைந்தது. இரத்த இழப்பையும் தங்கிய நாட்களையும் மட்டும் அளந்திருந்தால் இந்தப் பெண்களுக்கு நேர்ந்ததை யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

புற்றுநோய் இல்லாத கர்ப்பப்பை நீக்கத்தில் வாதம் இன்னும் மெலிகிறது. அமெரிக்காவில் 2,64,758 பெண்களின் பதிவுகளை அலசிய 2013 ஆய்வில் சிக்கல்கள் ரோபோவில் 5.5 வீதம், லப்பரஸ்கோப்பியில் 5.3. செலவு மட்டும் ஒருவருக்கு 2,189 டொலர் கூடுதல். நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கவிருக்கும் பெண்ணுக்குக் கைதேர்ந்த லப்பரஸ்கோப்பி வைத்தியர் கிடைத்தால், ரோபோவுக்காகக் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.