யாருடைய துணையும் இல்லாமல்

2022-ல் லேல் வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் அரிசோனா மாநிலத்தின் நீண்ட மலைப்பாதையை 9 நாள் 8 மணி நேரத்தில் மவுண்டன் பைக்கில் கடந்தார். மெக்சிகோ எல்லைக்கும் யூட்டா மாநில எல்லைக்கும் இடையே சுமார் 1,300 கிலோமீட்டர். ஒரு பக்கம் சொனோரா பாலைவனம்: ஆளைவிட உயரமான கள்ளிகள், சரளைக்கல், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று முன்பே கணக்குப் போடாதவர்களுக்கு ஆபத்து. இன்னொரு பக்கம் கிராண்ட் கேன்யன். அங்கே சைக்கிள் சக்கரம் தரையில் படக் கூடாது. வண்டியைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கி ஏற வேண்டும். 30 கிலோமீட்டருக்கு மேல் நடை. அந்தப் பாதையை அதுவரை ஆணோ பெண்ணோ யாரும் அவ்வளவு வேகமாக முடித்ததில்லை.

ஆனால் பேச்சு போனது வேறு பக்கம். அவருடைய மனைவி ரூ ஒளிப்பதிவாளர். வழியில் சில இடங்களுக்கு வந்து அவரைப் படம் பிடித்தார். பந்தயத்தின் அடிப்படை விதி ‘செல்ஃப் சப்போர்ட்டட்’, யாருடைய துணையும் இல்லாமல் ஓட்டுவது. ரூ சாப்பாடு கொடுத்தார், டயர் மாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை. அன்பான ஒரு முகத்தைப் பார்ப்பதே தெம்புதானே, அது மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் புகார். 2019-ல், கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிகோ எல்லை வரை போகும் டூர் டிவைட் பந்தயத்திலும் இவர்களைச் சுற்றி இதே பேச்சு எழுந்தது.

இந்தப் புகாரை அபத்தம் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. காசிருப்பவர் பின்னால் கார் வைத்துக்கொண்டு ஓட்டுவதையும், இல்லாதவர் பிஸ்கட் பாக்கெட்டோடு ஓட்டுவதையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. நல்ல விதிதான். என் கேள்வி, இந்தத் தராசு எங்கே தொடங்குகிறது என்பது. புறப்படும் கோட்டில்தான் தொடங்குகிறது. வீட்டு வாசலில் இல்லை.

நான் முகப்பேரில் இருக்கிறேன். பாலைவனம் பார்த்ததில்லை. ஆனால் மே மாதத்தில் பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். அந்தத் தாரின் சூடு முகத்தில் அடிப்பது தெரியும். இங்கேயும் ‘பிரெவே’ என்ற நெடுந்தூர ஓட்டங்கள் நடக்கின்றன. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி. கையில் ஒரு அட்டை தருவார்கள். குறித்த இடங்களில் முத்திரை வாங்க வேண்டும். அந்த இடங்களைத் தவிர வேறெங்கும் வெளி உதவி கூடாது.

என் முதல் 200-க்கு முந்தின நாள் நான் தூங்கவில்லை. இட்லி மாவு அரைத்து, மறுநாள் குழம்புக்குப் புளி ஊறவைத்து, பையனுடைய இருமல் மருந்தை எத்தனை மணிக்கு எவ்வளவு என்று காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அம்பத்தூரிலிருந்து அக்கா வந்து இரவே தங்கினாள். என்னோடு ஓட்டிய ஒருவர் புறப்படும்போது பெருமையாகச் சொன்னார், “நான் எப்பவும் தனிதாங்க, யாரையும் எதிர்பார்க்கிறதில்ல.” அவருடைய பையில் நான்கு சப்பாத்தி இருந்தது. ஃபாயிலில் சுற்றி, ஒவ்வொன்றிலும் உப்புத் தூக்கலாகத் தொக்கு தடவியிருந்தது. பாதி வழியில் எனக்கும் ஒன்று தந்தார். நல்ல சப்பாத்தி. அதை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போட்டவர் யார் என்று நான் கேட்கவில்லை. அந்த அட்டையும் கேட்பதில்லை.

துணையில்லாமல் என்பதற்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அர்த்தம் இல்லை என்பதற்கு இன்னும் சின்ன உதாரணம்: அவர்கள் சாலையோரம் ஒதுங்கினார்கள். நான் அடுத்தடுத்து இரண்டு பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருந்ததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். வெயிலில் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிந்தேதான் குறைத்தேன்.

பாலை நமக்குப் புதிதல்ல. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணுள்ள பாட்டுகள் எல்லாம் பாலைத்திணை. 400-ல் சரிபாதி, 200. பொருள் தேடிப் போகிறவன் ஆண்தான், அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் தலைவி, தோழி, மகள் காதலனோடு போய்விட்ட பின் புலம்பும் தாய், செவிலி. பாலையின் வெயிலை நாம் வீட்டுக்குள்ளிருந்து கேட்கிறோம். ஒருவர் பாலையைக் கடந்தால் அங்கே வீட்டில் என்ன ஆகிறது என்பது அந்த மரபில் பாட்டின் உள்ளேயே இருக்கிறது. இன்றைய சாகசப் படங்களும் பந்தயக் கதைகளும் அதைத்தான் வெட்டி எறிகின்றன. ஒரு மனிதர், ஒரு சைக்கிள், வெறும் நிலம். ரூவின் மீது வந்த கோபத்தில் ஒரு பங்கு, வீட்டில் இருக்க வேண்டிய ஆள் சட்டகத்துக்குள் தெரிந்துவிட்டதற்கான கோபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் பெண்கள் சைக்கிள் ஏறிய பெரிய கதையில் ‘தனியாக’ என்ற சொல்லுக்கே இடமில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியது என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில்கூட இடம்பெற்றது. (நம் ஊர்க் கதையை எங்கள் தெருப் பிள்ளைகள் இந்தியில் படித்தார்கள்.) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டினார்கள் என்கிறார் அவர். கற்றவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். பிள்ளையை முன்கம்பியில் உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள்.

கம்பியில் பிள்ளையோடு ஓட்டிய அந்தப் பெண்ணை எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள்? அவளுக்கு முத்திரை குத்த எந்த அட்டையிலும் கட்டம் இல்லை.

எனக்கு அந்த 200 முடிந்தது. கடைசி முத்திரை விழுந்தபோது 20 நிமிடம் மீதி இருந்தது. வீட்டுக்கு வந்தால் பையன் தூங்கியிருந்தான். ஃப்ரிட்ஜில் ஒட்டிய காகிதத்தில் ஒவ்வொரு வேளை மருந்துக்கும் எதிரே அக்கா பேனாவால் டிக் அடித்து, பக்கத்தில் மணியும் எழுதி வைத்திருந்தாள். அதை என் அட்டையோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்தது 300. இருபது மணி நேரம், இரவும் சேர்ந்து வரும். அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை.