அப்பா விழுந்தால் பாடம்!

குழந்தையைப் பயமுறுத்திப் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுக்க முடியுமா? அமெரிக்காவில் ஒரே ஒரு வருஷ இடைவெளியில் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்கள் வந்தன. ஒன்று குறும்படம், இன்னொன்று படக்கதைப் புத்தகம். இரண்டிலும் சமாசாரம் ஒன்றுதான்: சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் பத்திரமாகப் போய் வருவது எப்படி?

குறும்படத்தின் பெயர் 'ஒன் காட் ஃபேட்'. அதாவது, 'ஒருத்தன் குண்டானான்'. 1963-ல் வந்தது. கால் மணி நேரம்தான் ஓடும். பத்துப் பிள்ளைகள் சைக்கிளில் பிக்னிக் கிளம்புகிறார்கள். முகத்தில் குரங்கு முகமூடி, பின்னால் வால். ஒரு பிள்ளை கை காட்டாமல் திரும்புகிறது. இன்னொன்று எதிர்ப்பக்கத்தில் வருகிறது. வேறொன்று 'நில்' போர்டைக் கண்டுகொள்ளாமல் பறக்கிறது. நடுவில் ரோடு ரோலர் வேறு! இப்படி ஒவ்வொன்றாகக் காணாமல் போக, விதிகளை மதித்த ஒரே ஒரு பையன் மட்டும் பார்க்குக்குப் போய்ச் சேருகிறான். அவனுக்கு மட்டும் மனுஷ முகம். வராமல் போனவர்களின் சாப்பாட்டையும் சேர்த்து அவனே காலி பண்ணுகிறான். தலைப்புக்கு அர்த்தம் புரிகிறதா?

கதை சொல்லும் குரல் எட்வர்ட் எவரெட் ஹார்ட்டனுடையது. பழைய ஹாலிவுட் காமெடி நடிகர். சிரித்த குரலில் அவர் சொல்லச் சொல்ல நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

படத்தில் சொல்லும் விதிகள் எல்லாம் சரிதான். ஆனால் படம் பார்க்கிற பிள்ளைக்கு என்ன பதியும்? தப்புப் பண்ணுகிறவன் குரங்கு, நான் மட்டும் மனுஷன். அடிபட்டவனுக்காக ஒரு 'உச்' கூடக் கிடையாது. அவனுடைய டிபனை எடுத்துத் தின்னலாம். சாலை விதியைக் கற்றுக்கொடுக்கப் போய், மனசில் வேறு என்னத்தையோ விதைத்துவிடுகிறது படம்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். 'தி பைக் லெசன்', 1964. ஸ்டான், ஜான் பெரென்ஸ்டைன் என்ற கணவன் மனைவி எழுதி வரைந்தது. பின்னாளில் நூற்றுக்கணக்கான புத்தகங்களாகப் பெருகிய அவர்களுடைய கரடிக் குடும்பக் கதைகளில் இது இரண்டாவது. எடிட் செய்தவர் குழந்தைப் பாட்டுப் புத்தகங்களால் உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஸூஸ்.

அப்பா கரடி, பையனுக்குப் புது சைக்கிள் வாங்கி வருகிறார். பையன் ஏறத் துடிக்கிறான். 'இரு, முதல்ல பாடம், அப்புறம்தான் சவாரி' என்கிற மாதிரி அப்பாவே ஏறிக்கொள்கிறார். ஏறுவது எப்படி, நிறுத்துவது எப்படி, தேங்கின தண்ணியைப் பார்த்துப் போவது எப்படி, இறக்கத்தில் இறங்குவது எப்படி என்று வரிசையாக டெமோ. ஒவ்வொன்றிலும் தொபுக்கடீர்! எழுந்து, தூசி தட்டிக்கொண்டு, இப்படிச் செய்யக் கூடாது என்பதற்குத்தான் விழுந்து காட்டியதாக அலட்டாமல் சமாளிப்பார் பாருங்கள்... எல்லா வீட்டு அப்பாக்களும் அங்கே தெரிவார்கள்.

பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது சுத்தமான டபுள் என்ட்ரி. அடியெல்லாம் அப்பா கணக்கில் பற்று, பாடமெல்லாம் பிள்ளை கணக்கில் வரவு.

புத்தகத்தின் சாமர்த்தியம் பக்கம் புரட்டுவதில் இருக்கிறது. அப்பா அடுத்து எங்கே விழப்போகிறார் என்பது அவருக்கு முன்னால் நம் வீட்டு வாண்டுக்குத் தெரிந்துவிடும். "ஐயோ, அங்கே போகாதே!" என்று கத்தும். சைக்கிள் ஓட்டுவதில் பாதுகாப்பு என்பதே இதுதானே? ஆபத்து வருவதற்குள் மனசில் அதைப் பார்த்துவிடுவது. குறும்படம் 'மீறினால் தொலைந்தாய்' என்று மிரட்டுகிறது. புத்தகமோ குழந்தையையே நீதிபதி ஆக்குகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. கடைசியில்தான் பையன் கைக்கு சைக்கிள் வருகிறது. அப்பாவையும் ஏற்றிக்கொண்டு கில்லாடியாக வீடு வந்து சேர்கிறான். பேலன்ஸ் எப்போது பழகினான்? சாய்கிற பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் சைக்கிள் நிமிரும் என்ற ரகசியத்தை உடம்புதான் கற்க வேண்டும். வேடிக்கை பார்த்து வராது. இன்னொன்று, ஹெல்மெட்டே கிடையாது. சைக்கிளுக்கென்றே செய்த 'பெல் பைக்கர்' ஹெல்மெட் 1975-ல்தான் வந்தது, அதனால் அந்தக் காலத்துப் புத்தகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இன்று வாசித்துக் காட்டுகிறவர்கள் வாயால் சொல்லியாக வேண்டும். அப்படியே, அமெரிக்காவில் வலப்பக்கம், நமக்கு இடப்பக்கம் என்பதையும்.

இத்தனை சொன்ன பிறகும் என் ஓட்டு கரடிக்கே. காரணம் சிம்பிள். பயந்த பிள்ளை, கீழே விழுந்தால் முழங்கால் காயத்தைப் பாவாடைக்குள்ளோ டிரவுசருக்குள்ளோ மறைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வரும். லாரி உரசிக்கொண்டு போனதைச் சொல்லவே சொல்லாது. பிரேக் பிடிக்கவில்லை என்பதும் நமக்குத் தெரியவராது. அப்பா பத்துத் தடவை விழுந்ததைப் பார்த்துச் சிரித்த பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. "அப்பா, நானும் உன்னை மாதிரியே விழுந்துட்டேன்!" என்று ஓடி வந்து சொல்லும்.

சொன்னால்தானே பிரேக்கைச் சரி பண்ண முடியும்?