ஆஷிமா நடந்துபோன கடை

புது நாட்டில் எங்கே குடியிருப்பது? "வேலை கிடைச்ச ஊர்லதான், வேறெங்க?" என்போம். நானும் இடம் மாறும்போது வாடகை, ஆபீஸ் தூரம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டுப் பார்த்தவன்தான். ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்' (2003) நாவலை மறுபடி வாசித்தபோது, அந்தக் கணக்கு யாருடையது என்ற கேள்வி வந்தது.

கல்கத்தாவிலிருந்து கேம்பிரிட்ஜ் வந்ததைவிட, அங்கிருந்து பாஸ்டனுக்கு வெளியே புறநகருக்குப் போவதுதான் ஆஷிமாவை அதிகம் உலுக்குகிறது. கேம்பிரிட்ஜில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நடந்தே போய் அரிசி வாங்கினாள். ரயிலில் மறந்துவிட்ட பைகள் பத்திரமாகத் திரும்பி வந்தன. அன்றுதான் அந்த ஊர் அவளுக்கு ஒட்டியது. புறநகரிலோ கடை மைல்கணக்கில் தள்ளி. பஸ் கிடையாது. கார் ஓட்டப் பழக அவளுக்கு மனமில்லை. நகரத்துக்குள்ளேயே கிடைத்த வேலையை அசோக் ஏற்றிருக்கலாமே என்று ஏங்குகிறாள்.

பெயர்ச் சிக்கலின் நாவல் என்றே இதைப் பேசுகிறோம். லாஹிரியும் ஆஷிமாவின் அந்த வருடங்களைச் சுருக்கி, கோகோலிடம் விரைந்துவிடுகிறார். எனக்கு அது குறைதான். ஆனால் முடிவில் ஈடுசெய்கிறார். கணவன் இறந்தபின் ஆஷிமா வீட்டை விற்று, ஆறு மாதம் இந்தியா, ஆறு மாதம் அமெரிக்கா என்று தீர்மானிக்கிறாள். எங்கே வாழ்வது என்பதை அவளே முடிவுசெய்ய முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

என் எக்செல்லில் 'நடந்துபோகக் கடை உண்டா' என்றொரு கட்டம் இல்லை.