பழமையும் பழமைக் கோலமும்: கேஸ்லான் ஆண்டிக் அச்செழுத்து

எழுத்தின் ஒலியையும் பிறப்பையும் விரித்துரைத்த மரபு நம்முடையது. ஆயினும் அச்சேறிய எழுத்தின் தோற்றம் படிப்போர் உள்ளத்தில் விளைக்கும் கருத்தைப் பற்றி நாம் மிகுதியாகச் சிந்தித்தோமல்லோம். சொல்லைப் படிக்கு முன்னரே அதன் எழுத்துத் தோற்றம் ஒன்றை உணர்த்திவிடுகின்றது. அங்ஙனம் உணர்த்தப்படுவது மெய்தானா என வினவுதலும் திறனாய்வாளர் கடனேயாம். அமெரிக்க நாட்டில் தோன்றிய கேஸ்லான் ஆண்டிக் என்னும் அணியெழுத்தைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

சிகாகோ நகரத்துப் பார்னார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்னும் எழுத்து வார்ப்பகத்தார் 1890களில் வெளியிட்ட இவ்வெழுத்தை வரைந்தவர் பெர்ன் நடால் என்பவர். முதற்கண் இதற்குப் ‘பதினைந்தாம் நூற்றாண்டு’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரே வழங்கிற்று. பின்னரே வார்ப்பகத்தார் இதனைக் கேஸ்லான் ஆண்டிக் எனப் பெயர் மாற்றினர். ஆயின், இலண்டனில் வாழ்ந்த வில்லியம் கேஸ்லான் (1692–1766) வார்த்த எழுத்துகளுக்கும் இதற்கும் வடிவ உறவு இல்லை. 1776ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிலடெல்பியாவில் ஜான் டன்லப் அச்சிட்ட அமெரிக்க விடுதலை அறிக்கை கேஸ்லான் எழுத்தில் அமைந்தது. அப்பெயர்க்கிருந்த மதிப்பை நாடியே புதுப்பெயர் சூட்டப்பட்டது என்பர்.

இப்பெயர் மாற்றமே நமக்கு ஒரு திறவுகோலாகின்றது. ஒரே வடிவம் முன்னர்ப் பதினைந்தாம் நூற்றாண்டின் பெயரையும், பின்னர்ப் பதினெட்டாம் நூற்றாண்டினர் ஒருவரின் பெயரையும் தாங்கிற்று. இடைப்பட்டன ஏறத்தாழ 300 ஆண்டுகள். குறித்ததொரு காலத்தின் வடிவை உண்மையாகவே உடையதாயின், இவ்விரு பெயரும் அதற்குப் பொருந்தா. ஆதலின், இவ்வெழுத்துக் காட்டுவது யாதொரு காலத்தையும் அன்று. ‘பழையது’ என்னும் பொதுவுணர்வை மட்டுமே என்க.

அவ்வுணர்வு எங்ஙனம் பிறக்கின்றது? ஈய எழுத்து பலகால் அச்சேறின் அதன் முனை மழுங்கும், விளிம்பு உடையும். நடாலின் வரைவு அத்தேய்வையே வடிவாக்கிக்கொண்டது. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு பெரிது. பழைய அச்சகத்தின் எழுத்துப் பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் பல ஈயத் துண்டுகள் உண்டு; அவை ஒவ்வொன்றும் தத்தம் போக்கில் தேயும். கேஸ்லான் ஆண்டிக்கிலோ ஓரெழுத்துப் பத்திடத்து வரின், பத்திடத்தும் அதே வடு அதே இடத்தில் அமைகின்றது. மெய்யான தேய்வு தனித்தன்மையுடையது. போலித் தேய்வு மீள மீள வருவது.

இவ்வேறுபாடு சிறிதன்று என்பதை ஆங்கிலப் பாட ஆராய்ச்சி காட்டும். சேக்சுபியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டு முதற்பெரும் பதிப்பை ஆராய்ந்த சார்ல்டன் ஹின்மன், அதன் பக்கங்களில் மீண்டும் மீண்டும் தோன்றும் சிதைந்த எழுத்துகளைத் தனித்தனியே அடையாளங் கண்டு, அந்நூல் அச்சான முறையையும் வரிசையையும் 1963இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். அங்கே எழுத்தின் வடு வரலாற்றுச் சான்றாக நின்றது. கேஸ்லான் ஆண்டிக்கின் வடுவை எத்துணை நுணுகி நோக்கினும் அதனால் அறியப்படுவது ஒன்றுமில்லை. எந்நிகழ்ச்சியாலும் உண்டாகாத வடு அது.

அங்ஙனமாயின் இவ்வெழுத்தை முற்றிலும் விலக்குவதா? அது முறையன்று. ‘லே மிசரபிள்’ என்னும் இசைநாடகம் 1985இல் இலண்டனில் அரங்கேறிற்று. அதன் பெயர் இவ்வெழுத்தாலேயே உலகறிந்ததாயிற்று. விக்டர் யூகோவின் கதை நிகழும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சுக்கும் இவ்வெழுத்துக்கும் தொடர்பில்லை. எனினும், சிதைந்த மாந்தரின் கதைக்குச் சிதைந்த விளிம்புடைய எழுத்து பொருந்துகின்றது. நாடகம் பார்க்க வருவோர் ஒப்பனையை ஒப்பனை என்றே அறிவர். ஆண்டு எழுத்தும் ஒப்பனையின் ஓர் உறுப்பே. மாறாக, வரலாற்றுக் காட்சிக்கூடத்தின் விளக்கப் பலகையில் இதே எழுத்தைப் பொறிக்குங்கால் நிலை வேறாகின்றது. ஆங்கு வருவோர் உண்மையை அறிய வருகின்றனர். மெய்ப்பொருளின் அருகே வைக்கப்பட்ட போலித் தேய்வு, அப்பொருளின் சான்றாண்மையைத் தானும் பங்கிட்டுக்கொள்கின்றது.

‘படிப்போர் எவரும் இதனால் ஏமாறுவதில்லை, இஃது அழகுக்கே’ எனச் சிலர் மறுக்கலாம். எழுத்தறிவியல் வல்லார் ஏமாறார் என்பது உண்மையே. ஆயின், காட்சிக்கூடம் வல்லார்க்கு மட்டும் உரியதன்று. பழைய அச்சு எங்ஙனம் இருக்கும் என்னும் எண்ணத்தை இத்தகைய பலகைகளிலிருந்தே பெறும் மாணவன், கேஸ்லானின் மெய்யான எழுத்தைக் காணுங்கால் அதன் தெளிவைப் புதுமை எனக் கொண்டு ஐயுறுதலும் கூடும்.

ஏட்டுச்சுவடிகளோடு பழகிய நமக்கு இது விளங்காததன்று. செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுதல் நம் பதிப்பாசிரியர் மரபு. இழப்பை இழப்பென ஒப்புக்கொள்ளும் நேர்மை அப்புள்ளிகளில் உண்டு. புதிதாகப் பாடிய செய்யுளில், பழமை தோன்றுதற்பொருட்டுப் புள்ளியிடுவாரை நாம் புலவர் என்னோம். அரங்கில் அவ்வாறு செய்யின் நகைப்போம். பதிப்பில் செய்யின் பொறுக்கமாட்டோம். கேஸ்லான் ஆண்டிக்குக்கும் அளவுகோல் இதுவே. அஃது அணியாகலாம், சான்றாதல் ஒருபோதும் இயலாது.