மேசைக் கணினிச் செயலிகளை ஒப்பிடும் முறை: ஒரு திறனாய்வு

மேசைக் கணினிச் செயலிகளின் திறனை ஒப்பிட நம் கடைத்தெருக்களில் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களே புழங்குகின்றன. ஒன்று, எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்ற எண். மற்றொன்று, ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர். திண்டுக்கல் போன்ற ஊர்களில் பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தித் தரும் 'அசெம்பிள்டு' கணினிகளும் பழைய கணினிகளும் இந்த இரண்டையும் சொல்லியே விற்கப்படுகின்றன. இரண்டுமே வாங்குபவரை ஏமாற்றக்கூடியவை.

கடிகார வேகம் என்பது செயலி ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதை மட்டுமே காட்டும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைக் காட்டாது. திண்டுக்கல் பூட்டை யாரும் எடை போட்டு வாங்குவதில்லை. உள்ளே எத்தனை லீவர் என்றுதான் கேட்பார்கள். 2000இல் வெளிவந்த பென்டியம் 4 ஒவ்வொரு கட்டளையையும் 20 சிறு படிகளாகப் பிரித்துத் துடிப்பை உயர்த்தியது. 2004இல் வந்த பிரெஸ்காட் வகையில் படிகள் 31 ஆயின. அடுத்த கட்டளை எது என்ற ஊகம் தவறினால் அத்தனை படிகளையும் காலி செய்து மறுபடி நிரப்ப வேண்டும். சூடும் ஏறியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தை இன்டெல் 2004இல் கைவிட்டது. 2006இல் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ ஈ6600, அதே ஆண்டின் 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் டி 960ஐப் பெரும்பாலான சோதனைகளில் முந்தியது. இரண்டிலும் இரண்டு கோர்கள்தாம்.

பெயரை நம்புவது இன்னும் ஆபத்து. 2017 தொடக்கத்தில் வந்த ஐ5-7400இல் நான்கு கோர்கள், வேகம் 3.0, உச்சத்தில் 3.5 கிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஐ3-8100இலும் நான்கு கோர்கள், வேகம் 3.6. கோர்களின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே என்பதால் இங்கே ஐ3 முந்துகிறது. விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் ஐ3-8100 உண்டு, ஐ5-7400 இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், பிள்ளையின் படிப்புக்கென்று பழைய 'ஐ5' வாங்கும் குடும்பத்துக்கு இது சின்ன வேறுபாடு அல்ல. கோடுக்குப் பின்வரும் எண்ணே தலைமுறையைச் சொல்கிறது. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசி எழுத்தும் முக்கியம். ஐ5-12400, ஐ5-12400எஃப் இரண்டிலும் ஆறு கோர்கள், பன்னிரண்டு இழைகள். ஆனால் 'எஃப்' உள்ளதில் வரைகலைப் பகுதி இயங்காது. தனி கிராபிக்ஸ் அட்டை போடாவிட்டால் திரையில் படமே வராது. விலை குறைவு என்று அதை எடுத்து, பிறகு அட்டைக்குச் செலவழிப்பதில் என்ன சிக்கனம்?

இணைய மதிப்புரைகளிலும் ஒரு குறை உண்டு. விளையாட்டுகளில் செயலியின் வேறுபாட்டைப் பிரித்துக் காட்டவே மிக விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டையுடன் சோதிக்கிறார்கள். சாதாரண அட்டை உள்ள வீட்டில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். குளிரூட்டிய அறையில் எடுத்த அளவு, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் இயங்கும் கணினிக்கு அப்படியே பொருந்தாது. 12400இன் அடிப்படை மின்திறன் 65 வாட், உச்சம் 117 வாட். விசிறியால் வெப்பத்தை வெளியேற்ற முடியாதபோது செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சென்னை ஐஐடி 2014இல் தொடங்கிய 'சக்தி' செயலித் திட்டத்தையும் இதே கிகாஹெர்ட்ஸ் கண்ணோடு பார்த்துக் குறைசொல்வோர் உண்டு. 2020இல் வந்த அதன் 'மவுசிக்' சில்லு சண்டிகரில் 180 நானோமீட்டர் முறையில் உருவானது, சிறு கருவிகளுக்கானது. மேசைக் கணினிச் செயலியுடன் ஒப்பிட அதில் எதுவும் இல்லை.

மளிகைக் கடைக் கணக்குக்கும் ஜிஎஸ்டி பில்லுக்கும் ஐ3-12100 தாராளம். மிச்சப் பணத்தை எஸ்எஸ்டியில் போடலாம். கல்யாண வீடியோ தொகுப்பவருக்குத்தான் கூடுதல் கோர்கள் கைகொடுக்கும்.