தலைமறைவான மங்கல வாத்தியம்

அருப்புக்கோட்டை வட்டாரத்து மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ (2014) 2018இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கரிசல் நாதஸ்வரக்காரர்களின் வாழ்க்கைச் சித்திரம் என்றே அதைப் பேசிவருகிறோம். பயண நாவலாகப் படித்தால்தான் அதன் முரண்நகையின் பலமும் பலவீனமும் பிடிபடும். திருவிழாவுக்கு வாசிக்கப் போன பக்கிரியும் ரத்தினமும் அவமானப்படுகிறார்கள். பக்கிரி பந்தலுக்குத் தீ வைத்துவிட, இருவரும் ஊர் ஊராக ஓடுகிறார்கள். ஜாக் கெரோவக்கின் ‘ஆன் தி ரோட்’ (1957) நாவலில் சாலை விடுதலை ஆசை காட்டுகிறது. அது பொய்க்கும்போது முரண்நகை பிறக்கிறது. சீமைக்கருவேலம் மண்டிய திருச்சுழிப் பக்கத்துச் சாலைக்கு அப்படி ஆசைகாட்டத் தெரியாது. மழை பொய்த்தால் பிழைக்கப் போகவும், போலீஸ் தேடினால் தப்பிக்கவும்தான் அங்கே பஸ் ஏறுவார்கள். ஆகவே இங்கே முரண்நகை, ஓடுகிறவன் யார் என்பதிலிருந்தே வந்தாக வேண்டும்.

வரவும் செய்கிறது. கல்யாணத்தில் ஐயர் விரலை உயர்த்தி ‘கெட்டிமேளம்’ என்றதும் நாயனமும் தவிலும் முழங்கினால்தான் தாலி ஏறும். அந்த நேரத்தில் அபசகுனமான சொல் எதுவும் காதில் விழாமல் காப்பது அந்தச் சத்தம். பிறர் வீட்டு அமங்கலத்தை மறைக்கிறவர்கள் இப்போது தங்களையே மறைத்துக்கொண்டு திரிகிறார்கள். இது நாவலுக்காக இட்டுக்கட்டிய முரணும் அல்ல. நாயனக்காரரை அவமதிக்கும் இதே கரிசல்தான், நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்துக்குக் கோவில்பட்டியில் சிலையும் வைத்தது.

ஆனால் இந்த முரணின்மேல் ஆசிரியருக்கே நம்பிக்கை போதவில்லை. ஓட்டத்தினூடே அவமானத்தின் நினைவு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. நாம் புரிந்துகொண்டதையே திரும்பவும் வாய்விட்டுச் சொல்கிறார். கதைசொல்லி மரபு அப்படித்தான், அவமானமும் ஒருமுறையோடு நிற்பதில்லையே என்று கேட்கலாம். திரும்பத் திரும்ப வருவதில் குறையில்லை, விளக்கம்தான் இடிக்கிறது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’மும் (1976) தப்பியோடி வந்தவர்களின் கதைதான். அங்கே நக்கல் சொந்த சனத்தையும் விட்டுவைக்காது. சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடும். ‘சஞ்சார’த்தின் முரண்நகை ஊரைக் குத்துமளவுக்குப் பக்கிரியைக் குத்துவதில்லை. ஒடுக்கப்பட்டவனைக் கேலி செய்வதா என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் சாமியை அழைக்க வந்தவன் சாமியின் பந்தலையே கொளுத்துகிறான். தீ வைத்தது ஒருவன், ஓடுவது இருவர். கேலியே இல்லாமல் முரண்நகை பக்கிரியின் பக்கம் திரும்பக்கூடிய இடம் இது. அவன் பட்ட அவமானங்களை அடுக்கி, அந்தத் தீக்கு நாவல் அவசரமாக நியாயம் தேடிக்கொடுத்துவிடுகிறது. ரத்தினத்தின் ஓட்டத்துக்கு அந்த நியாயமும் போதாது.